சோறு கொழுப்பாகும் இடம்: கல்லீரலில் கரியமில வாயுவும் உப்பு அயனிகளும்

(மலேசியாவின் ஜெஞ்சாரோமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் கற்பித்தவன். அதனால் இன்று மருந்துச் சீட்டு எழுத வரவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் எந்த விருந்துக்குப் போனாலும், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், யாராவது ஒருவர் ஸ்கேன் தாளை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறார். “சார், கல்லீரலில் கொழுப்பு என்று போட்டிருக்கிறார்கள். நான் தண்ணி போடுவதில்லை. எண்ணெயை எப்போதோ குறைத்துவிட்டேன். நெய் தொடுவதே இல்லை. பிறகு இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?”

நியாயமான கேள்வி. இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கொழுப்பில் ஒரு பங்கைக் கல்லீரலே செய்கிறது. நீங்கள் உண்ட சோற்றையும் குடித்த சர்க்கரையையும் மூலப்பொருளாக வைத்துச் செய்கிறது. அப்படிச் செய்வதற்கு அதற்குக் கரியமில வாயு வேண்டும், மக்னீசியமும் மாங்கனீசும் வேண்டும், பயோட்டின் என்ற வைட்டமின் வேண்டும். நாம் மூச்சில் வெளியே தள்ளும் அந்த வாயு இல்லாமல் உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பும் புதிதாக உருவாகாது.

இது நமக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர். இனிப்புநீரும் கல்லீரல் கொழுப்பும் சேர்ந்தே நடப்பவை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இனிப்புநீர் நோயாளிகளைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துப் பெரியவர்களில் 32 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. மரபில் நமக்கு ஏதோ ஒரு சாய்வு இருக்கிறது. ஆனால் மரபைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ள எனக்கு மனம் இல்லை. அந்தச் சாய்வு எந்த வாசல் வழியாக வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் மண்டபத்துக்கு வெளியே பார்ப்போம். ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் பக்கம் போனாலும், கேரித் தீவுப் பக்கம் போனாலும், கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. அந்தப் பழத்தின் சதையில் இருக்கும் எண்ணெயில் சுமார் 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம், அதாவது பதினாறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. மனிதனின் கல்லீரல் சர்க்கரையிலிருந்து புதிதாகக் கொழுப்பைச் செய்யும்போது முதலில் செய்து முடிப்பதும் அதே பால்மிட்டிக் அமிலம்தான். அதே பதினாறு கார்பன். இரண்டு இடத்திலும் முதல் படியும் ஒன்றுதான். இரண்டு கார்பன் கொண்ட ஒரு துண்டின்மேல் கரியமில வாயுவை ஏற்றுவது. அந்த ஏற்றத்துக்கு இரண்டு இடத்திலும் பயோட்டின் வேண்டும், மக்னீசியம் வேண்டும்.

செம்பனைக்கு உரம் போட்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கீழ்மட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறினால் மேற்பார்வையாளர் மண்டோர் என்ன சொல்வார்? “கீசரைட் போடு.” அது மக்னீசியம் சல்ஃபேட். மக்னீசியம் குறைந்தால் இலையின் பச்சையம் குறையும், மரம் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்வது குறையும், எண்ணெயும் குறையும். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிரை நிரையாக நடந்து அந்த உப்பை வீசிய நம் அம்மாமார்கள், ஒரு பெரிய உயிர்வேதியியல் உண்மையைக் கையால் அறிந்திருந்தார்கள்: உப்பு அயனி இல்லாமல் எண்ணெய் இல்லை.

கல்லீரலில் இது எப்படித் தெரியவந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1904-இல் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் க்னூப் என்ற வேதியியலாளர், உடம்பு கொழுப்பமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டி எரிக்கிறது என்று காட்டினார். அதன் பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு எல்லாரும் ஒன்றை எளிதாக நம்பிக்கொண்டார்கள்: வெட்டும் வழியைத் தலைகீழாக ஓட்டினால் அதுவே கட்டும் வழி. கேட்கப் பொருத்தமாக இருந்ததால் யாரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது செடிகொடிகளுக்கும் சிலவகை நுண்ணுயிர்களுக்கும் மட்டுமே உரிய வேலை என்பது அது. 1930-களின் நடுவில் அமெரிக்காவில் ஹார்லண்ட் வுட், செஸ்டர் வெர்க்மன் என்ற இருவரும், வெயிலே தேவைப்படாத ஒரு பாக்டீரியா கரியமில வாயுவை உள்ளிழுத்துத் தன் பொருள்களில் சேர்ப்பதைக் கண்டார்கள். பலர் நம்பவில்லை. 1940-இல் சிகாகோவில் ஏர்ல் எவன்ஸும் லூயிஸ் ஸ்லோட்டினும் கதிர்வீசும் கார்பன்-11 கொண்ட கரியமில வாயுவைப் புறாவின் கல்லீரலுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கார்பனின் பாதி இருபது நிமிடத்தில் அழிந்துவிடும். அதற்குள் சோதனையை முடிக்க வேண்டும். முடித்தார்கள். கல்லீரல் அந்தக் கார்பனைப் பிடித்து வைத்திருந்தது. விலங்கின் உடம்பும் கரியமில வாயுவைக் கையாளும் என்பது அன்று உறுதியானது. அந்த ஸ்லோட்டின்தான் பின்னாளில் அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்து, 1946-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கதிர்வீச்சு விபத்தில் உயிரிழந்தார். கல்லீரலின் ஒரு இரகசியத்தை அவிழ்த்த கை அது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அடுத்த காட்சி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நொதி ஆய்வு நிலையம். ஈராக்கின் கர்பலாவில் பிறந்து, பெய்ரூட்டில் படித்து, அமெரிக்காவுக்குப் போன சாலிஹ் வாக்கில் என்ற இளைஞர் அங்கே வேலை செய்கிறார். புறாக் கல்லீரலை அரைத்துச் சாறெடுத்து, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கொழுப்பமிலத்தைக் கட்டும் நொதிகளைத் தேடுகிறார்கள். எரிக்கும் நொதிகளை எல்லாம் நீக்கிவிட்ட பிறகும் கட்டும் வேலை நடக்கிறது. அப்படியானால் கட்டும் வழி வேறு. அது முதல் அதிர்ச்சி.

இரண்டாவது அதிர்ச்சி 1958-இல் வந்தது. டேவிட் கிப்சன், எட்வர்ட் டிச்செனர், வாக்கில் மூவரும், கரைசலில் பைகார்பனேட் இருந்தால்தான் கொழுப்பமிலம் உருவாகிறது என்று கண்டார்கள். பைகார்பனேட் என்பது கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து நிற்கும் உருவம். கூடவே, செல்லின் சக்திப் பொருளான ஏ.டி.பி. வேண்டும், மாங்கனீசு அயனி வேண்டும். சரி, பைகார்பனேட்டின் கார்பன் கொழுப்புக்குள் போகிறது போலும் என்று நினைத்து, கதிர்வீசும் கார்பன்-14 கொண்ட பைகார்பனேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். உருவான பால்மிட்டிக் அமிலத்தில் அந்தக் கார்பன் இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. இருந்தாலும் செய்த பொருளில் அதைக் காணோம்.

விடை அதே ஆண்டில் கிடைத்தது. இரண்டு கார்பன் துண்டான அசெட்டைல் கோ-ஏ மீது கரியமில வாயு ஏறி, மூன்று கார்பன் கொண்ட மலோனைல் கோ-ஏ ஆகிறது. வளர்ந்துவரும் சங்கிலியோடு அது சேரும் அதே கணத்தில், ஏறிய கரியமில வாயு கழன்று வெளியே போய்விடுகிறது. கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுவோம். கட்டி முடித்ததும் கழற்றிவிடுவோம். வீட்டுக்குள் சாரத்தின் ஒரு குச்சியும் இருக்காது. கரியமில வாயு கல்லீரலில் செய்யும் வேலை அதுதான். பதினாறு கார்பன் கொண்ட ஒரு சங்கிலியை முடிக்க ஏழு முறை ஏறி ஏழு முறை இறங்குகிறது. ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு ஏ.டி.பி. செலவாகிறது. அந்தச் சக்தி, வாயு கழன்று போகும்போது திரும்பக் கிடைத்து, இரண்டு துண்டுகளையும் பிணைக்கிறது. திரும்பி வர முடியாதபடி வேலையை முன்னால் தள்ளுவதும் அதுவே.

ஏற்றும் கை எது? பயோட்டின். இதைக் கண்டுபிடித்த விதத்துக்கும் நம் கோப்பிக்கடைக்கும் தொடர்பு உண்டு. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். 1927-இலேயே லண்டனில் மார்கரெட் போவாஸ், பச்சை வெள்ளைக்கருவை எலிகளுக்கு ஊட்டினால் தோலும் முடியும் கெடுகின்றன என்று எழுதியிருந்தார். வாக்கில் குழுவினர் தங்கள் நொதிச் சாற்றில் அவிடினைச் சேர்த்தார்கள். கொழுப்பு உருவாவது நின்றது. முதலிலேயே அவிடினுக்குப் பயோட்டினைக் கொடுத்துத் திருப்திப்படுத்திவிட்டுச் சேர்த்தபோது நிற்கவில்லை. நொதிக்குள் பயோட்டின் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. உடனே காலையில் சாப்பிடும் பாதி வெந்த முட்டையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அவிடின் சூட்டில் கெடும். மஞ்சள்கருவில் பயோட்டின் இருக்கிறது. பச்சை வெள்ளைக்கருவை ஏராளமாக மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குத்தான் குறைபாடு வந்திருக்கிறது.

இந்த முதற்படி நொதியின் பெயர் அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ். பெயர் நீளம், இனி ‘முதல் நொதி’ என்றே சொல்கிறேன். ஏ.டி.பி. பொதுவாகத் தனியாக நின்று நொதியோடு வேலை செய்யாது. மக்னீசியத்தைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். இந்த நொதிக்கு அதற்கு மேலும் ஒரு மக்னீசியமோ மாங்கனீசோ தேவைப்படுகிறது.

அதற்கு முன்பே, இன்னோர் இடத்தில், கரியமில வாயு ஒருமுறை ஏறி இறங்கியிருக்கும். சோறு செரித்துக் குளுக்கோஸாகி, குளுக்கோஸ் உடைந்து பைருவேட்டாகி, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைகிறது. அங்கே பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதி அதன்மேல் பைகார்பனேட்டை ஏற்றுகிறது. இதற்கும் பயோட்டின் வேண்டும். 1960-களில் மெர்டன் அட்டர் குழுவினர் கோழிக் கல்லீரலிலிருந்து எடுத்த இந்த நொதிக்குள் மாங்கனீசு பொதிந்திருப்பதைக் காட்டினார்கள். பொட்டாசியம் இருந்தால் இந்த நொதி மேலும் சுறுசுறுப்பாகும். இதன் வழியாகச் சிட்ரேட் உருவாகி, மைட்டோகாண்டிரியாவை விட்டு வெளியே வந்து, அங்கே உடைந்து அசெட்டைல் கோ-ஏ ஆகிறது. மீதித் துண்டு மாலேட்டாகி, பின் ஏறிய கரியமில வாயுவைக் கழற்றிவிட்டுப் பைருவேட்டாகத் திரும்புகிறது. அந்தக் கழற்றலில் கொழுப்புக்கு வேண்டிய ஹைட்ரஜனின் ஒரு பங்கும் கிடைக்கிறது. மாணவர்கள் இந்தச் சுற்றை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கழிவு என்று பள்ளியில் படித்த வாயு எத்தனை இடத்தில் வேலை செய்கிறது என்பது அப்போது கண்ணில் படும்.

ஒரு சிக்கல் பாக்கி. செல்லில் உருவாவது கரியமில வாயு. நொதி கேட்பது பைகார்பனேட். ஒன்றை மற்றொன்றாக வேகமாக மாற்றுவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. அதற்குத் துத்தநாக அயனி வேண்டும். எலியின் கல்லீரல் செல்களில் இந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் கொழுப்பு உருவாவது குறைகிறது என்று 1990-களில் ஆய்வுகள் காட்டின.

இந்த நொதிகள் தெரியவருவதற்கு முன்பே, ஹார்வர்டில் பெயர்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற முன்னோடி, எலியின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி வெவ்வேறு உப்புக் கரைசல்களில் மிதக்கவிட்டுப் பார்த்தார். செல்லுக்கு வெளியே இருக்கும் திரவம்போலச் சோடியம் மிகுந்த கரைசலில், குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைகோஜன் சரியாக உருவாகவில்லை. செல்லின் உள்ளே இருப்பதுபோலப் பொட்டாசியம் மிகுந்த கரைசலில் நன்றாக உருவானது. பிற்காலத்தில் அவரும் அவரோடு உழைத்தவர்களும் கரியமில வாயுவின் அளவை மாற்றி, கொழுப்பு உருவாகும் வேகமும் அதனோடு மாறுவதைப் பார்த்தார்கள். சுற்றியிருக்கும் திரவத்தின் உப்பும் வாயுவும், கல்லீரல் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பாதிக்கின்றன என்ற கருத்துக்கு அவருடைய உழைப்பு அடித்தளம்.

இந்த இடத்தில்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு செய்தி வெளியே போனால், அதைப் பாட்டிலில் அடைத்து விற்க ஆள் வந்துவிடும். காரத்தன்மை கொண்ட தண்ணீர் இயந்திரம், கல்லீரலைச் சுத்தம் செய்யும் கனிமச் சொட்டு, சோடா மாவு வைத்தியம், பயோட்டின் மாத்திரை. இவற்றுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். சீவல் கரைசலில் மிதக்கும்போது கரைசலை நாம் மாற்றலாம். உடம்புக்குள் அப்படி இல்லை. இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் வரை நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் காவல் இருக்கின்றன. குடித்த காரத் தண்ணீர் முதலில் வயிற்று அமிலத்தில் விழும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். சோடா மாவில் இருப்பது சோடியம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கெடுதல். பயோட்டினை அதிக அளவில் விழுங்கினால் தைராய்டு, இதய நோய் தொடர்பான சில இரத்தச் சோதனைகளின் முடிவே பொய்யாகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மக்னீசியம் குறைவாக இருப்பது உண்மை, பலரிடம் காணப்படுகிறது. அப்படி இருந்தால் இரத்தம் எடுத்துப் பார்த்து மருத்துவர் கொடுக்கட்டும். கடைக்காரர் கொடுக்க வேண்டாம்.

இந்த ஊரில் இன்னொரு கேள்வியும் எழும். 2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகள் ஜெஞ்சாரோமில் குவிந்து எரிக்கப்பட்டதை உலகமே பார்த்தது. அந்தப் புகையின் கரியமில வாயு கல்லீரலுக்குப் போகுமா? காற்றில் இருக்கும் கரியமில வாயு பத்தாயிரத்தில் சுமார் நான்கு பங்கு. நம் இரத்தத்தில் அதன் அழுத்தம் காற்றில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் கரியமில வாயுவை உற்பத்தி செய்கிறது. கல்லீரல் எடுத்துக்கொள்வது அதிலிருந்துதான். பிளாஸ்டிக் புகையின் கேடு அதிலுள்ள வேறு நச்சுகளால் வருவது; அந்தக் கேடு உண்மை, அதை எதிர்த்து எழுந்த இந்த ஊர் மக்களுக்கு என் வணக்கம். ஆனால் அது வேறு வழக்கு.

அப்படியானால் முதல் நொதியின் கடிவாளம் யார் கையில்? பைகார்பனேட்டும் மக்னீசியமும் எப்போதும் தயாராக நிற்கின்றன. வேலை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவை மூன்று. ஒன்று, சிட்ரேட்: சாப்பாடு மிகுந்தால் அது குவியும், குவிந்தால் இந்த நொதியின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட இழையாகி முழு வேகத்தில் இயங்கும். மற்றொன்று, இன்சுலின்: அது நொதியை அவிழ்த்துவிடும், புதிய நொதிகளையும் செய்யச் சொல்லும். மூன்றாவது, ஏ.எம்.பி. கைனேஸ் என்ற காவல் நொதி. செல்லில் சக்தி குறைந்தால் அது விழித்துக்கொண்டு, முதல் நொதியின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி நிறுத்திவிடும். பாஸ்பேட்டும் ஓர் அயனிதான் என்பதைக் கவனியுங்கள். உங்களில் பலர் இனிப்புநீருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் வேலை செய்யும் வழிகளில் ஒன்று இது. 2013-இல் கனடாவில் கிரிகரி ஸ்டைன்பெர்க் குழுவினர், பாஸ்பேட் ஒட்ட முடியாதபடி முதல் நொதி மாற்றப்பட்ட எலிகளை வளர்த்தார்கள். அவற்றின் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. மெட்ஃபார்மின் கொடுத்தும் இன்சுலினுக்கு அவை சரியாகப் பணியவில்லை.

முதல் நொதி செய்யும் மலோனைல் கோ-ஏ இன்னொரு வேலையும் செய்கிறது. 1977-இல் டல்லஸில் டெனிஸ் மெக்காரியும் டேனியல் ஃபாஸ்டரும் அதைக் கண்டார்கள். கொழுப்பமிலம் எரிவதற்கு மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைய வேண்டும். அந்த நுழைவாயிலை மலோனைல் கோ-ஏ அடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் எரிக்கும் வீண் வேலை நடக்காமலிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் நாள் முழுவதும் இனிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்த நுழைவாயில் அடைத்தே இருக்கும். சாப்பாட்டுக்கு இடையில் கொழுப்பு எரிய வேண்டிய நேரமே கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான நிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிரைப் பறிக்கும். இன்சுலின் ஊசி போடுபவர் காய்ச்சல் வந்தது, சாப்பிடவில்லை என்று ஊசியை நிறுத்திவிடுகிறார். மலோனைல் கோ-ஏ வற்றுகிறது. மைட்டோகாண்டிரியாவின் நுழைவாயில் அகலத் திறக்கிறது. கொழுப்பு வெள்ளமாக உள்ளே போய்க் கீட்டோன் அமிலமாக மாறி இரத்தத்தில் கொட்டுகிறது. அந்த அமிலத்தை அடக்கப் பைகார்பனேட் செலவாகிறது. 18-க்குக் கீழே, 10-க்குக் கீழேகூட இறங்குகிறது. நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறார். கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க உடம்பு செய்யும் கடைசி முயற்சி அது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழ வாடை. கிள்ளானோ பந்திங்கோ, அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த நேரமே போக வேண்டும். அங்கே இன்சுலின் கொடுக்கும் முன் பொட்டாசியத்தைப் பார்ப்பார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுக்கும், ஏற்கெனவே மிகக் குறைவாக இருந்தால் இதயத் துடிப்பு குலையும். ஆகவே அப்படிக் குறைந்திருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகு இன்சுலின். கொழுப்பும் வாயுவும் அயனியும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பதை மருத்துவர்கள் தினமும் அந்தக் கட்டிலருகில் பார்க்கிறார்கள். காய்ச்சல் நாளில் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

மறுபடி அந்த ஸ்கேன் தாளுக்கு வருகிறேன். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று 2005-இல் மின்னசோட்டாவில் எலிசபெத் பார்க்ஸ் குழுவினர் அளந்தார்கள். 59 விழுக்காடு உடம்பில் ஏற்கெனவே படிந்திருந்த கொழுப்பிலிருந்து இரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காடு கல்லீரலே புதிதாகச் செய்தது. உணவிலிருந்த கொழுப்பு 15 விழுக்காடு மட்டும். நல்ல உடல்நிலையில் கல்லீரல் செய்வது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. எண்ணெயைக் குறைத்தும் கொழுப்பு போகவில்லையே என்று கேட்டவருக்கு இதுதான் விடை. எண்ணெயைக் குறைத்தது தவறில்லை. ஆனால் பெரிய ஊற்றுகள் வேறிடங்களில் இருக்கின்றன.

கல்லீரலே கொழுப்பைச் செய்யும் அந்த ஊற்று நம்மவர்களுக்கு ஏன் பெரிதாகிறது? யேல் பல்கலைக்கழகத்தில் கிட் பீட்டர்சனும் ஜெரால்ட் ஷுல்மனும் செய்த இரண்டு ஆய்வுகளை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. 2006-இல், ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களையே எடுத்துப் பார்த்தபோதும் இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் கொழுப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. 2007-இல் அதன் வழி தெரிந்தது. இன்சுலினுக்குத் தசை பணியாத இளைஞர்களுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். இன்சுலினுக்குப் பணியும் தசை ஏற்றுச் சேமித்ததில் பாதியைக்கூட அவர்கள் தசை சேமிக்கவில்லை. ஏற்காத மிச்சம் கல்லீரலுக்குத் திரும்பியது. அங்கே புதிதாகக் கொழுப்பு உருவாவது இரு மடங்கானது. நோய் தொடங்கும் இடம் தசை. பழி விழும் இடம் கல்லீரல்.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்து வாழ்க்கைதான் கண்முன் வந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு. பிறகு பால் வெட்டு, குலை வெட்டு, உரமூட்டை, புல்வெட்டு. அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு வேண்டும். தசை அதைக் கேட்டு வாங்கி எரித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டுமனையாகின, தொழிற்சாலையாகின. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்த குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போயின. லோரி ஓட்டுகிறார்கள், காவல் வேலை செய்கிறார்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நிற்கிறார்கள். உழைப்பு குறையவில்லை, களைப்பும் குறையவில்லை. தசை அசைவது மட்டும் குறைந்துவிட்டது. தட்டு அதே அளவில் இருக்கிறது. நம் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலையின் தன்மை மாறியது. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

நல்ல செய்தியும் அதே ஆய்வகத்திலிருந்தே வந்தது. 2011-இல், இன்சுலினுக்குத் தசை பணியாத இளைஞர்களை ஒரே ஒரு முறை, 45 நிமிடம், உடற்பயிற்சி செய்ய வைத்து அதே உணவைக் கொடுத்தார்கள். கல்லீரல் புதிதாகக் கொழுப்புச் செய்வது சுமார் 30 விழுக்காடு குறைந்தது. ஒரே முறை. எடை குறைந்ததால் வந்த மாற்றமல்ல. தசைதான் மீண்டும் கேட்டு வாங்கத் தொடங்கியிருந்தது.

மருந்தால் முதல் நொதியையே அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பார்த்தார்கள். கல்லீரலில் மட்டும் அந்த நொதியைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்ததில் கல்லீரல் கொழுப்பு 36 விழுக்காடு குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 200 விழுக்காடு ஏறியது. காரணம் அழகானது, பயமூட்டுவதும்கூட. மலோனைல் கோ-ஏ இல்லாவிட்டால் உடம்புக்கு வேண்டிய நீண்ட, நிறைவுறாத கொழுப்பமிலங்களையும் செய்ய முடியாது. அவை குறைந்ததும் கல்லீரல் பதறிக் கொழுப்பை இரத்தத்தில் தள்ளும் மரபணுக்களை முடுக்கிவிட்டது. கரியமில வாயு ஏறும் அந்த ஒரு படியில் இத்தனை கணக்குகள் கட்டியிருக்கின்றன.

இனி, தட்டிலும் கோப்பையிலும் என்ன செய்யலாம்? சர்க்கரையின் பாதி ஃபிரக்டோஸ். அதன் பெரும்பங்கைக் கல்லீரலே எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸுக்கு இருக்கும் சோதனைச்சாவடி அதற்குக் கிடையாது. நேராகக் கொழுப்புப் பாதையில் இறங்கும். இங்கே கடைகளில் தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் பெரும்பாலானது இனிப்புக் கிரீமர். அதில் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்தே இருக்கின்றன. 2019 ஜூலை முதல் தேதி, நூறு மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பல பான வகைகளுக்கு அரசு ஒரு வரியைத் தொடங்கியது; அப்போது அது லிட்டருக்கு 40 சென். அந்த வரி தொழிற்சாலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் கோப்பைக்கு இல்லை. அங்கே நாம்தான் “கோசோங்”, அதாவது இனிப்பு வேண்டாம், என்று சொல்லப் பழக வேண்டும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியையும் பருப்பையும் மீனையும் வையுங்கள். கீரையிலும் பருப்பிலும் மக்னீசியம் இருக்கிறது. மாத்திரையை விட மலிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே படுக்காமல், அடுக்குமாடியைச் சுற்றியாவது நடங்கள். தசை கேட்கும் நேரத்தில் கொடுத்தால் கல்லீரலுக்குப் போவது குறையும். எடை கூடியவர்கள் ஏழு முதல் பத்து விழுக்காடு குறைத்தால் கல்லீரலின் வீக்கமே தணிவது பல ஆய்வுகளில் தெரிகிறது.

கடைசியாக, ஸ்கேன் தாளில் கொழுப்பு என்று வந்தவர்களுக்கு ஒரு காரியம். கொழுப்பு இருப்பதைவிட, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. அதை முதற்கட்டமாகக் கணிக்கக் கல்லீரலில் ஊசி குத்த வேண்டாம், பெரிய கருவியும் வேண்டாம். உங்கள் வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஓர் எண்ணைக் கணக்கிடலாம். 1.3-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்குக் கவலை குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் நின்றால் மேலும் ஒரு சோதனை தேவைப்படும். அரசு சுகாதாரக் கிளினிக்கில் இனிப்புநீருக்காக உங்களிடம் எடுக்கும் இரத்தத்திலேயே இதற்கு வேண்டியவற்றையும் பார்க்க முடியும். அடுத்த முறை போகும்போது, “என் ஃபிப்-4 எவ்வளவு, டாக்டர்?” என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி கேட்கத் தயங்கினால், கூடப் போகும் பேரப்பிள்ளைகள் கேளுங்கள்.